புளியடி வளவு, ஸ்கொட்லாந்து

பள்ளிக்கூடத்தில் கையால் சுற்றிப் பிரதி எடுத்துத் தரும் தாள்களின் ஊதா மைக்கு ஒரு சாராய நெடி உண்டு. எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஹரோவில், எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது அந்த நெடியோடுதான் ஸ்கொட்லாந்துக் கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவு என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

பெயருக்குக்கூட ஒரு மரமில்லாத தீவு. சரிவில் ஒரு காலத்தில் கிழங்கு நட்ட வரம்புகள் புல்லுக்கடியில் வரிவரியாகத் தெரிவதையும், சாந்தில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய சுவர்கள் கூரையிழந்து நிற்பதையும், வாசல்களுக்குள் ஆடுகள் படுத்திருப்பதையும் ஆசிரியை படங்களில் காட்டினார். நிலச் சொந்தக்காரன் ஆடு வளர்க்கவென்று குடிகளை எழுப்பிவிட்டானாம். அதற்குப் பாடப்புத்தகம் ஒதுக்கியது ஒரேயொரு வரி. ஊதா வரைபடத்தில் அந்த வீடுகள் ஏழு சதுரங்கள், ஒன்று முதல் ஏழு வரை இலக்கம். மேலே "ஆளில்லாத தீவு" என்று தலைப்பு எழுத வேண்டும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாங்களும் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, அதேபோலக் கல்லடுக்கி வேலி கட்டுகிற ஒரு தீவிலிருந்து வந்தவர்கள். அங்கே காணிக்கு இலக்கம் கிடையாது, பெயர்தான். காணிப் பத்திரமான உறுதியிலும் அதுதான், ஆளுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் சிநேகிதர்கள் எங்கள் வீட்டில் கூடினால் "கள்ளியடியார் கனடா போட்டாராம்" என்றுதான் கதை போகும். அந்தக் கதைகளில் கேட்ட, எங்கள் ஒழுங்கை என்ற சிறு தெருவின் ஏழு வீட்டு வளவுப் பெயர்களையும், சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழில், ஏழு சதுரங்களிலும் பென்சிலால் எழுதினேன். தலைப்பை எழுதவில்லை.

ஆசிரியை சிவப்பு மையால் சுழித்து, கிறுக்கலை அழித்துவிட்டுத் தலைப்பு எழுதி வரச் சொன்னார்; அழிக்காவிட்டால் புள்ளி இல்லை, சுவரிலும் ஒட்டமாட்டார்.

பெற்றோல் ஷெட் ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா, அழிறப்பரை அவரே தேடி எடுத்தார். இந்த நாட்டில் யாரோடும் முரண்டக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

"ரீச்சர் சொன்னா அழிச்சுப்போட்டுக் குடன் பிள்ளை. ஏன் உந்த வில்லங்கம்? அங்கை ஒரு மரமும் இல்லையாம், பிறகென்ன புளியடி?"

"ஆக்கள் இருந்தவை அப்பா. நான் அழிக்கமாட்டன்."

குனிந்தவர் ஒன்றாம் சதுரத்திலிருந்து வாசித்துக்கொண்டு போனார். மூன்றில் விரல் நின்றது. புளியடி வளவு.

"இது எங்கடையெல்லே?"

"ஓம்."

அழிறப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டார். கதவடியில் சப்பாத்தை மாட்டியபடி, "பென்சில் எண்டா ஆரும் அழிப்பினம். பேனையாலை எழுது" என்றார்.

கறுப்புப் பேனாவால் ஏழு பெயர்களையும் அழுத்தி எழுதிக் கொடுத்தேன். புள்ளி கிடைக்கவில்லை. சுவரில் எல்லோருடைய தீவும் தொங்கியது, என்னுடையது இல்லை. நான் அழவும் இல்லை.

தொண்ணூறுகளில் போர் எங்கள் ஒழுங்கையையும் எழுப்பிவிட்டது. கூரைகள் போயின, உறுதிகள் போயின, பிறகு இங்கே அப்பாவும் போய்விட்டார். ரெய்னர்ஸ் லேனில் என் அலுமாரிக்குள் இருக்கும் அந்தத் தாளைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். நெடி போய்விட்டது. ஊதா மை வெளிறி, கரையும் கடலும் சதுரங்களும் இருந்த இடம் தெரியவில்லை. வெறும் தாளில், எங்கள் ஒழுங்கையின் வரிசையில், ஏழு பெயர்கள் கறுப்பாக நிற்கின்றன.