மூன்றாம் நம்பர் சில்லு

பெரம்பூரில் வேர்விட்ட எங்கள் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்துக்கு முதல் ஆள், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு டாக்டர். அவருடைய கல்லறையை நான்கு வருஷம் தேடினேன். கடைசியில் இராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பதாகத் தெரிந்து ஓடினேன்.

அங்கிருந்த காவலாளி என்னைக் கிட்டே போக விடவில்லை. லுங்கிக்கு மேலே காக்கிச் சட்டை, காதில் சாக்பீஸ். தன் துண்டால் டாக்டரின் கல்லைத் துடைத்துவிட்டு, வருகிறவர்களுக்கு ஓட்டுச் சில்லில் நம்பர் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். எனக்கு முன்னால் காய்ச்சல்காரக் குழந்தைகளோடு இரண்டு பெண்கள் நின்றார்கள்.

“இவர் என் தாத்தாவோட தாத்தா,” என்றேன் பெருமையாக.

“அப்டியா! ரொம்ப சந்தோஷம் சார்,” என்று கையைக் குலுக்கியவர், அதே கையில் ஒரு சில்லை வைத்தார். “சொந்தக்காரரா இருந்தா இன்னா? கொயந்தைங்க ஜொரத்தோட நிக்குது. நீ மூணாவது.”

குழந்தைகளின் நெற்றியைக் கல்லில் வைத்து எடுத்துவிட்டுப் பெண்கள் போனார்கள். என் முறை வந்தது. கல்லில் எங்கள் குடும்பப் பெயர்! தடவித் தடவிப் பார்த்தேன். இறந்த வருஷம் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

“டாக்டர் எந்த வருஷம் செத்தாருன்னு தெரியுமா?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “இன்னா சார், காலங்காத்தால இப்டி பேசற? இப்பதான ரெண்டு கொயந்தைய பாத்து அனுப்சாரு.”

பஸ்ஸில் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். நான் எழுதிவரும் வம்சாவளியில் அந்த ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அந்தக் காவலாளியை மீறி அதை நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.