ஓவிலா வால்கூர் சட்டை போட்ட ஞாயிறு

என் அண்ணன் ஓவிலாவை இந்த ஊர் இன்றைக்கும் துரோகி என்றுதான் சொல்கிறது. சொல்கிற வாய்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த வாய்கள்தான். எங்கள் லா லூத்ர் ஊர்ப் பனி அரங்கத்தில், வடக்குப் பக்கத்து கோல் வலைக்குப் பின்னால் என் கடை இருந்தது. அந்த வாய்களில் பாதிக்கு நான்தான் வருஷக்கணக்காக சாசேஜ் ரொட்டி விற்றேன்.

ஓவிலா எங்கள் பனி ஹாக்கி அணியின் எடுபிடி. அணியோ சம்பளம் வாங்கி ஆடும் அணி. காகித ஆலையை விட்டால் எங்கள் ஊருக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். வீரர்களின் சறுக்குக் காலணிகளின் கத்தியைச் சாணை பிடிப்பதும், வியர்வை ஊறிய சட்டைகளைத் துவைப்பதும், கிழிந்த கையுறைகளைத் தைப்பதும் அவன் வேலை. காலைப் பயிற்சியில் வீரர்கள் அடிக்கும் ரப்பர் வட்டைத் தடுக்க கோல் வலைக்கு முன்னால் நிற்பதும் அவன்தான். சம்பளக்கார கோல்கீப்பருக்கு அடிபடக் கூடாதாம், என் அண்ணனுக்குப் படலாமாம்! முகமூடி என்று ஒன்று அப்போது யாருக்கும் கிடையாது. ஒன்பது வருஷத்தில் அவன் மூக்கு இரண்டு தரம் உடைந்தது, முன்பற்கள் நாலு போயின. வாயைக் கழுவிக்கொண்டு திரும்பப் போய் நிற்பான்.

என் புருஷன் ஆலையில் செத்த பிறகு நானும் என் இரண்டு பெண்களும் அவன் வீட்டில்தான் இருந்தோம். அவனோ கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. என் கடைக் காசு விறகுக்கே பத்தாது, எங்கள் நாலு பேருக்கும் சோறு அந்த எடுபிடி வேலையில்தான்.

அந்தக் காலத்தில் ஓர் அணிக்கு ஒரே ஒரு கோல்கீப்பர். அவன் அடிபட்டு விழுந்தால் மாற்று ஆளை உள்ளூர் அணிதான் தர வேண்டும். எதிரணியின் ஆள் விழுந்தாலும் அப்படித்தான், அது விதி. அதற்காக ஒருவன் கோட்டும் தொப்பியுமாகப் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருப்பான். எங்கள் மேலாளர் கதோரெத் மகா கஞ்சன். வெளியாள் எதற்கு என்று ஓவிலாவையே உட்கார வைத்தான். ஒன்பது வருஷமும் யாரும் விழவில்லை, அதனால் ஓவிலா ஒரு நிஜ ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் வால்கூர் ஊர் அணியோடு இறுதித் தொடர். ஏழு ஆட்டத்தில் நாலு ஜெயித்தவனுக்குக் கோப்பை. மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. ஏழாவது ஆட்டம் எங்கள் ஊரில், குருத்தோலை ஞாயிறு மதியம். பூசை முடிந்து, கோட்டில் குருத்தோலையைச் செருகிக்கொண்டு அப்படியே மூவாயிரம் பேர் வந்துவிட்டார்கள்.

இரண்டாம் பகுதி முடிகிற நேரம் வால்கூர் இரண்டு, நாங்கள் ஒன்று. அப்போது எங்கள் கேப்டன் அர்மான் லெஸ்ஸார் அடித்த வட்டு வால்கூர் கோல்கீப்பரின் கன்னத்தில் பட்டது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் மேலே பார்த்துக் கையசைத்தார். ஓவிலா தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்தான்.

நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். சட்டைகளை உலர்த்தும் அறையில் அவன் வால்கூரின் பச்சைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். குனிந்து அவன் கால் பேடுகளின் வாரைக் கட்டினேன். கதோரெத் சுருட்டோடு உள்ளே வந்தான்.

“ஓவிலா, உனக்கு நான் சொல்லித் தரணுமா? ரெண்டு கோல் உள்ள விடு. யாரும் கேக்க மாட்டாங்க, நீ எடுபிடிதானே.”

“வட்டு வந்தா தடுப்பேங்க. எனக்கு வேற எதுவும் தெரியாது.”

“நாளைக்கு எங்க வேலைக்குப் போவேன்னு யோசிச்சுக்கிட்டு தடு.”

கதோரெத் போனதும் வாரை இன்னொரு தரம் இழுத்துக் கட்டினேன். “அந்த ஆளு கெடக்கான். நீ உன் ஆட்டத்த ஆடு அண்ணே” என்று சொன்னேன். அவன் சிரித்தான். பல் இல்லாத அந்தச் சிரிப்பை அத்தனை சந்தோஷமாக அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

கதோரெத்தின் கஞ்சத்தனம் அவன் தலையிலேயே விடிந்தது. எங்கள் ஆட்கள் எப்படி அடிப்பார்கள் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் ஓவிலா ஒருவன்தான். தினமும் காலையில் அவன் உடம்பில்தானே அடித்துப் பழகினார்கள்! லெஸ்ஸார் உயரமாக அடிக்கப் போகிறான் என்றால் முதலில் இடது தோள் இறங்கும். அதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஓவிலாவை யாராவது கேட்டிருந்தால்தானே!

கடைசியான மூன்றாம் பகுதியில் எங்கள் ஆட்கள் பத்தொன்பது தரம் வட்டை அடித்தார்கள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. முதலில் கூட்டம் சிரித்தது, பிறகு ஊளையிட்டது, பிறகு காலணிமேல் போட்டிருந்த ரப்பர் உறைகளைக் கழற்றி அவன்மேல் எறிந்தது. எவனோ மந்திரித்த குருத்தோலையை உருட்டி எறிந்தான். காலையில்தான் அதை ஏந்திக்கொண்டு ஓசன்னா பாடியிருந்தான், பாவி.

கடைசி நிமிஷம். என் கடைக்கு முன்னால் இருந்த வடக்கு வலையில்தான் ஓவிலா நின்றான். லெஸ்ஸார் தனியாக வந்தான், நடுவில் ஒருவரும் இல்லை. “விட்டுடு ஓவிலா! விட்டுடு!” என்று அரங்கமே கத்தியது. தோள் இறங்கியது. ஓவிலாவின் கை மேலே போனது. வட்டு கையுறைக்குள் இருந்தது.

வால்கூருக்குக் கோப்பை. அவர்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள், சேர்ந்து படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். அந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? “காலணி ஈரமா இருக்கும், கத்தி துரு புடிச்சிரும்” என்று சொல்லிவிட்டு, பச்சைச் சட்டையோடே எங்கள் அணியின் அறைக்குத் துணியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போனான். ஒன்பது வருஷப் பழக்கம். கதோரெத் அவன் பையை நடைபாதையில் வீசினான். லெஸ்ஸார் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய காலணியைத்தான் ஓவிலா கையில் வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்தோம். பட்டாணி சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

“வெக்கங்கெட்ட ஊரு! தூ! ஒருத்தன் பாக்கியில்லாம விட்டுடு விட்டுடுன்னு கத்துறான். நீ தொவச்ச சட்டயப் போட்டுக்கிட்டு ஆடுனவங்களுக்குத்தானே எல்லாரும் கை தட்டுனாங்க! நாசமாப் போக!”

அவன் வீங்கிய கையை வெந்நீரில் வைத்திருந்தான். கோபமே இல்லை.

“ஊர விடு ரொசில்டா. அத்தன சத்தத்துல ஒண்ணும் புரியல. ஓவிலா, ஓவிலான்னு ஒரே இரைச்சல்.” கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தான். “விட்டுடு அண்ணேன்னு ஒரே ஒரு குரல்தான் தெளிவாக் கேட்டுச்சு.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவன் வேலை போய்விடுமே என்று பயந்துதான் கத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். பொய். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அண்ணனும் இல்லை, பெண்களும் இல்லை. கோப்பைதான் வேண்டியிருந்தது.

“சூப்பு ஆறுது, நீயும் குடி” என்றான்.

மறுநாளிலிருந்து ஓவிலா ஆலையில் மரக்கட்டை இறக்கப் போனான். அதற்கப்புறம் இருபது வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம். அதைப் பற்றி அவன் ஒருநாளும் பேசவில்லை. நான் ஊரைத் திட்டும்போது மட்டும் எழுந்து வெளியே போய்விடுவான்.