அரட்டையைக் காவல் காக்கிறவள்

ஆன்லைன் விளையாட்டு நிறுவனம் ஒன்றில், விளையாடுகிறவர்களின் அரட்டையைப் படித்து, வம்பு செய்கிறவர்களை வெளியேற்றுவதுதான் ஆறு வருடமாக இவளுடைய வேலை. வசவுகளைப் படித்துப் படித்து மனசு மரத்துப்போயிருந்தது.

அன்று மதியம் ஒருவன் ஒரு சிறுமியிடம், "வீட்ல தனியாவா இருக்க? அட்ரஸ் சொல்லு, கிஃப்ட் அனுப்புறேன்" என்று கேட்டிருந்தான். இவள் உடனே அவனை முடக்கி, மேலதிகாரிக்கும் தகவல் அனுப்பினாள்.

சிறுமி கோபத்தோடு இவளுக்கே எழுதினாள்: "ஏன் அவரைத் தூக்கினீங்க? என்கூட பேசுறதே அவர் ஒருத்தர்தான்."

இதற்கென்று நிறுவனம் எழுதித் தந்திருந்த ஒற்றை வரியை அனுப்ப இவளுக்குக் கை வரவில்லை. "அம்மா வந்ததும் இதைக் காட்டும்மா. நீ எந்தத் தப்பும் பண்ணல" என்று தானே தட்டினாள்.

"சரிக்கா" என்று பதில் வந்தது. எரிந்த கண்களைக் கசக்கிவிட்டு, இவள் அடுத்த புகாரைத் திறந்தாள்.