ஒரு விரல் பர்பன்

தாமோதரனைப் போல வாய் பொல்லாத மனிதனை நான் பார்த்ததில்லை. கெட்ட வார்த்தை பேசுவான் என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிக்கும் வாய். என் மனைவி ஸ்வர்ணலதா ஆசையாக மோர்க்குழம்பு வைத்துக் கொடுத்தால், ஒரு வாய் வைத்துவிட்டு, "கோவர்த்தனா, தயிரு நேத்திக்கே புளிச்சிட்டுது. உங்க வூட்டம்மாகிட்ட சொல்லாத" என்பான். அவள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். இனிமேல் அந்த ஆளுக்குப் பச்சைத்தண்ணி கூடக் கிடையாது என்பாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கொடுப்பாள்.

அந்த வாய்க்குத்தான் அவனுக்குச் சம்பளம். சித்தூர்ப் பக்கம் ஒரு மாம்பழ ஜூஸ் ஃபேக்டரியில், பழக்கூழை டின்னில் அடைப்பதற்கு முன்னால் ருசி பார்த்து விடுவது அவன் வேலை. மெஷின் சரி என்றாலும் இவன் சரி என்று சொல்ல வேண்டும். முதலாளியின் சொந்தத் தோட்டத்துக் கூழையே "இது ஆவாது" என்று ஓரமாகத் தள்ளி வைத்தவன். நாக்கு மரத்துப் போகும் என்று வெற்றிலை, சிகரெட், சாராயம் எதையும் தொட்டதில்லை. நானும் ஹரிபாபுவும் குடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்பான். எங்கள் கிளாஸை மோந்து பார்த்து, "இதுக்குக் காசு வேற குடுக்கறீங்களா?" என்று திட்டுவான்.

ஹரிபாபு திருப்பதியில் பிளாட் வாங்கி விற்கும் தரகன். தெலுங்குக்காரன், சத்தமான ஆள், தங்கமான மனசு. அவன் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் அவன் மேல் தப்பு இல்லை.

ஊரையே ஏசும் தாமோதரனுக்குப் பெற்ற மகனிடம் மட்டும் பேச்சு வராது. மகன் சந்துரு, ஒரே பிள்ளை. மூன்று பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். "ஃபீஸ் கட்டணும்னு நைனாகிட்ட சொல்லும்மா" என்பான் அவன். "எவ்ளோன்னு கேளு" என்பான் இவன். நடுவில் தாமோதரன் மனைவி கமலம்மா, இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டிருப்பாள். பையன் படித்து அமெரிக்காவில் கென்டக்கி என்ற இடத்துக்கு வேலைக்குப் போன பிறகும், போனை அவள்தான் எடுப்பாள்.

கமலம்மா காய்ச்சலில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் போன் அடித்தால் கேட்கவே பாவமாக இருக்கும்.

"துன்னியா?"

"ஆச்சு நைனா."

"மழை பேயுதா?"

"இல்ல நைனா."

அவ்வளவுதான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவார்கள். பிறகு யாராவது ஒருவர் வைத்துவிடுவார்.

அம்மாவின் வருஷாப்திக்கு வந்தபோது சந்துரு பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். எல்லாச் சடங்கும் முடிந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. தாமோதரன் அப்போது வேலையை விட்டு நின்றுவிட்டான். பாட்டிலுக்குக் குட்டைக் கழுத்து, மஞ்சள் லேபிள். அப்பன் முன்னால் மதுப் பாட்டிலை வைக்க அவனுக்குக் கை கூசியது. எங்களுக்காக என்று சொல்லி என்னையும் ஹரிபாபுவையும் காட்டினான்.

"பர்பன்னு சொல்வாங்க பெரிப்பா. எங்க ஊரு சரக்கு. மக்காச்சோளத்துல காச்சி, உள்ள கருக்குன மரப் பீப்பாயில வருசக்கணக்கா ஊற வைப்பாங்க."

அந்த நாட்களில் ஆந்திராக் கடைகளில் யாரும் கேள்விப்படாத பெயரில் என்னென்னவோ விற்றார்கள். தெரிந்த சரக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. ஹரிபாபு மூக்கைப் பிடித்துக்கொண்டு அவற்றைக் குடித்து, "சீ, இது ஃபினாயிலுக்கு அண்ணன் தம்பி" என்பான். அவனுக்கு இந்தப் பாட்டிலைப் பார்த்ததும் கண்ணில் நீரே வந்துவிட்டது.

தாமோதரன் என்ன நினைத்தானோ, கையை நீட்டி என் கிளாஸை வாங்கினான். ஒரு சொட்டு நாக்கில் விட்டு, வாயில் உருட்டினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"வெல்லப்பாகு அடி புடிச்ச வாசன. அப்பால வாழப்பழம். கடசீல மரப்பட்ட."

சந்துரு எழுந்தே நின்றுவிட்டான். "நைனா! காச்சற எடத்துல சுத்திக் காட்டுன கைடு அதேதான் சொன்னான் நைனா! எங்க யாருக்கும் அந்த வாழப்பழம் தெரியல!"

அன்றைக்கு அப்பனும் பிள்ளையும் சோறு ஆறிப் போகும்வரை பேசினார்கள். பீப்பாயை எதனால் கருக்குகிறார்கள், வெயில் காலத்தில் மரம் எப்படிக் குடிக்கும் என்று இவன் கேட்கிறான், அவன் கை ஆட்டி ஆட்டிச் சொல்கிறான். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கமலம்மா இருந்திருந்தால் அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம் போன் அடித்தால் வைக்கவே மாட்டான் தாமோதரன். சந்துரு லீவு நாளில் சாராயம் காய்ச்சும் இடங்களைத் தேடிப் போவான், குளிரில் வரிசையில் நின்று பாட்டில் வாங்குவான், போட்டோ அனுப்புவான். இவன் அதை எங்களிடம் காட்டி, "பாரு, எம்மவன் எனக்காவ நிக்கிறான்" என்பான். வருஷத்துக்கு ஒரு தடவை அந்தப் பாட்டிலோடு சந்துரு வருவான். ஒரு தடவை ரை என்று வேறொரு தானியத்தில் காய்ச்சியது கொண்டு வந்தான். தாமோதரன் வாயில் வைத்தவன் அப்படியே வாஷ்பேசினில் துப்பினான். "மொளகு ரசத்துல சீமெண்ண ஊத்திக்கிறான்டா!" சந்துரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த ரையை ஹரிபாபுதான் தீர்த்தான்.

தாமோதரனிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பாட்டிலையும் முழுசாகத் தீர்க்க மாட்டான். அடியில் ஒரு விரல் அளவு வைத்துவிடுவான். அடுத்த பாட்டிலோடு மகன் வந்ததும், பழைய ஒரு விரலை இருவரும் பாதிப் பாதியாகக் குடித்த பிறகுதான் புதுசைத் திறப்பார்கள். ஹரிபாபு ஒரு தடவை அதில் கை வைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

கடைசியாகச் சந்துரு வந்து போன பிறகு அந்த ஒரு விரல் பீரோவில் ஒரு வருஷத்தைத் தாண்டி இருந்தது. அவன் பிள்ளைக்கு ஸ்கூல், அவனுக்கு லீவு இல்லை என்று ஏதோ ஒன்று. எல்லாம் நிஜமான காரணம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊரில் மதுக்கடை எல்லாம் மாறியது. தனியார் கடை திறந்தார்கள், பழைய பெயர்கள் திரும்பி வந்தன. டெல்லியில் பர்பனுக்கு வரியைக் குறைத்ததாகவும் பேப்பரில் வந்தது. கொஞ்ச நாளில் ஹரிபாபு காரை நிறுத்தக்கூட இல்லை, இறங்கி ஓடி வந்தான்.

"சூடண்ணா, பாரு! ரேணிகுண்டா ரோட்டுக் கடையில அடுக்கி வச்சிகிறான்! அதே பர்பன்!"

அதே குட்டைக் கழுத்து, மஞ்சள் லேபிள். நானும் குதித்தேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்? தாமோதரன் மட்டும் அந்தப் பாட்டிலைக் கடன்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். ஒரு மடக்கை உருட்டாமலே விழுங்கினான். அவன் ருசி பார்க்கவே இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இது அது இல்ல" என்றான்.

அன்றைக்கு மகனிடம் போனில் சொன்னான்: "இங்கயும் வந்துக்குதுப்பா. ஆனா சரியில்ல. நீ வரும்போது எட்தாந்துடு." முதலாளியிடம்கூடப் பொய் சொல்லாத நாக்கு அது.

ஹரிபாபுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் வாங்கி வந்ததைக் குறை சொல்லிவிட்டானாம். "என் நோரு நோரு இல்லையா அண்ணா? எனக்கும் வாய் இருக்குது! பந்தயம் வச்சிப் பாத்துடலாம்" என்று வாரக்கணக்கில் குதித்தான். மாம்பழ சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சந்துருவை வீடியோ காலில் பிடித்துவிட்டான். அங்கே காலை நேரம். அவனும் உற்சாகமாகிவிட்டான். "வையுங்க அங்கிள், எங்க நைனா கண்டுபுடிச்சிடுவாரு!"

ஹரிபாபு உள்ளே போய் இரண்டு கிளாஸில் ஊற்றி வந்தான். ஒன்றில் கடைச் சரக்கு. இன்னொன்றில் பீரோவில் இருந்த அந்த ஒரு விரல். மகன் கொண்டு வந்தது வேறு மிச்சம் இல்லையே. எது எது என்று தெரிய ஒரு கிளாஸின் அடியில் மையால் புள்ளி வைத்திருந்தான்.

பீரோ திறந்து கிடந்ததைத் தாமோதரன் பார்த்தான். மகன் போனில் சிரித்துக்கொண்டிருந்தான், அதனால் ஹரிபாபுவைத் திட்டவில்லை.

முதல் கிளாஸை உருட்டினான். இரண்டாவதை உருட்டினான். மறுபடி முதலாவது. அந்த நேரம் அவன் முகத்தில் பழைய ஃபேக்டரி முகம் வந்துவிட்டது.

"இது சப்புன்னு இருக்குது, உயிரே இல்ல. இது கடையிது" என்று ஒன்றைத் தள்ளினான். மற்றதை மார்போடு பிடித்துக்கொண்டான். "இதான் எம்மவன் கொண்டாந்தது. வாய் நெறைய நிக்குது."

ஹரிபாபு அந்தக் கிளாஸைப் பிடுங்கித் தலைக்கு மேல் தூக்கிக் கேமராவுக்கு அடிப்பக்கத்தைக் காட்டினான். கறுப்புப் புள்ளி. "கடைச் சரக்கு! கடைச் சரக்கு! ஓடிப்போயாவு அண்ணா, தோத்துட்ட!"

சந்துரு கை தட்டிச் சிரித்தான். "நைனா, பழசு திறந்து வச்சி வச்சி காத்து போய்க்கும். அதான் சப்புன்னு ஆயிட்டுது. அப்போ அங்க விக்கிறதே நல்லாகுதே! இனிமே எதுக்கு நான் அத்த சொமந்துனு வரணும்?"

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். தாமோதரனும் சிரித்தான். "ஆமாப்பா, எதுக்கு சொமக்கற" என்றான். போனை வைத்த பிறகு, தள்ளி வைத்த கிளாஸைத் தன் பக்கம் இழுத்து, அந்த உயிரில்லாததை ஒரு சொட்டு விடாமல் குடித்தான். ஹரிபாபு இன்னும் குதித்துக்கொண்டிருந்தான். எழுந்து அவன் கன்னத்தில் ஒன்று விடலாமா என்று இருந்தது எனக்கு.

பொங்கலுக்கு வருகிறேன் என்று சந்துரு சொல்லியிருந்தான். தாமோதரன் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்தான், பேரப்பிள்ளைக்கு என்று சின்னக் கட்டில் வாங்கிப் போட்டான். போகிக்கு முந்தின வாரம் போன் வந்தது. வர முடியவில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

போகியன்று காலை வாசலில் கார் சத்தம் கேட்டதும், தாமோதரன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து போனான். மகன் வரமாட்டான் என்று தெரிந்தும் போனான். ஹரிபாபு இறங்கினான். கையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பாட்டில்.

"தம்பி எனக்கு பணம் அனுப்பிச்சி, நைனாக்கு வாங்கிக் குடுங்கன்னாரு அண்ணா. பண்டகக்கு, பொங்கலுக்கு!" ஹரிபாபுவின் குரல் அன்றைக்குத் தணிந்துதான் இருந்தது. அவனுக்கும் புரிந்திருந்தது.

தாமோதரன் பாட்டிலை மேசையில் வைத்தான். திறக்கவில்லை. மகனைக் கூப்பிட்டான்.

"வந்துட்ச்சிப்பா. சந்தோசம்." பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். "இன்னாடான்னா சந்துரு, பர்பன் இங்கயே கெடைக்குது. அந்த ரைதான் எங்கயும் இல்ல. ஹரிபாபுவும் தேடிப் பாத்துட்டான். எனக்கு இப்போல்லாம் ரைதான் புடிக்குது."

நான் ஹரிபாபுவைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அட, ரையா?" என்று சந்துருவின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "முன்னயே சொல்லக்கூடாதா நைனா? பெங்களூர்ல கெடைக்கும். அங்க இருக்கற என் ஃப்ரெண்டு ஒருத்தன் அடுத்த மாசம் ஏழுமலையானப் பாக்க வர்றான். அவன வாங்கியாரச் சொல்றேன். நீ அலையாத."

போனைப் பிடுங்கி, கழுதை, உங்கப்பன் கேட்கிறது பாட்டிலா என்று கத்துவதற்கு நான் கையை நீட்டினேன். தாமோதரன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அறுபத்தைந்து வயசு ஆளுக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"சரிப்பா" என்றான். "பத்தரமா இரு."

போனை வைத்த பிறகும் என் கையை விடவில்லை. ஹரிபாபு மெதுவாகப் போய் அந்தச் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கு ரை புடிக்கவே புடிக்காது, கோவர்த்தனா" என்றான் தாமோதரன். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தான்.