மோட்டார் ரூம் வரைக்கும் நடை

தொண்டாமுத்தூர்த் தோப்பில் நான் மயங்கி விழுந்தபோது என் மனைவி சாந்தி என்னைத் தொடவே இல்லை. ஓடிப்போய் மெயினை இறக்கினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் கிடந்தது மோட்டார் ரூம் வாசலில்.

அப்பா அங்கேதான் இறந்துபோனார். சில வருஷம் கழித்து அண்ணனும் அதே இடத்தில். மோட்டார் ஓட வேண்டிய த்ரீ ஃபேஸ் கரண்ட் கொஞ்ச நேரந்தான் இருக்கும். வந்ததும் வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடிப்போய் சுவிட்சைப் போடுவது எங்கள் வழக்கம். ஓடிப்போனவர்கள் அங்கே விழுந்து கிடந்தால் வேறு என்ன நினைப்போம்? கரண்ட் அடித்துவிட்டது என்றே நினைத்தோம். அப்பா போனபின் வயரிங்கை மாற்றினோம். அண்ணன் போனபின் ஸ்டார்ட்டரை மாற்றி, உப்பும் கரியும் கொட்டிப் புதிதாக எர்த் குழி போட்டோம். என் காலுக்கடியில் ரப்பர் பாய் வந்தது. ஓட்டத்தை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

கோவையில் இதய மருத்துவர் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட்டுக் கேட்டார்: “குடும்பத்துல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?”

“இல்லைங்க டாக்டர். அப்பாவும் அண்ணனும் கரண்ட் அடிச்சுப் போயிட்டாங்க.”

“கையில கருகின தடம் இருந்துச்சா?”

அண்ணனைக் குளிப்பாட்டியது நான்தான். இரண்டு உள்ளங்கையும் சுத்தமாக இருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் என்மேல் ஆத்திரம் வருகிறது. அவர்கள் இருவருக்கும் இருந்திருக்கக்கூடியது, எனக்கு இருப்பது, ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமையோபதி (இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய்). ஓடும்போது துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்றுவிடலாம்.

என் இடது காறை எலும்புக்குக் கீழே ஐ.சி.டி. (துடிப்பு தவறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தார்கள். ஆயுசுக்கும் கரண்டுக்குப் பயந்தவனுக்கு நெஞ்சுக்குள்ளேயே கரண்ட்.

“உங்க பொண்ணையும் பார்த்துடணும். அவளுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு” என்றார் டாக்டர்.

நிவேதாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்காக நானூறு மீட்டர் ஓடுகிறவள். சாந்தி ஒரே பிடியாக மறுத்தாள். “ஏனுங்க, நோய்னு ஆஸ்பத்திரி பேப்பர்ல ஏறிப்போச்சுன்னா நாளைக்கு யாருங்க கட்டிக்குவாங்க?” நான் அவளைத் திட்டினேன். ஆனால் உள்ளுக்குள் அவள்மேல் பழியைப் போட்டு நானும் தள்ளிப்போட்டேன். பரீட்சை முடியட்டும், மழை முடியட்டும் என்று மாதங்கள் போயின. மாவட்டப் போட்டியில் அவள் ஓடியபோது கேலரியில் உட்கார்ந்து நெஞ்சுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்து என்று கத்தவும் முடியவில்லை, கைதட்டவும் முடியவில்லை.

ஒரு நாள் காலையில் கரண்ட் வந்தது. பழக்க தோஷம், ஓடிவிட்டேன். சுவிட்சைத் தொடுவதற்கு முன்பே நெஞ்சில் மாடு உதைத்த மாதிரி ஓர் அடி. கீழே விழுந்தேன். பின்னாலேயே வந்த நிவேதா தாவி மெயினை இறக்கினாள்.

“மெயினைப் போடு கண்ணு. கரண்ட் வெளிய இருந்து அடிக்கல. இந்தப் பொட்டிதான் அடிச்சுது.”

அவள் மெயினைப் போடவில்லை. “அப்ப பெரியப்பாவுக்கும் இதுதானுங்களாப்பா?” என்றாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்குங்க?”

அந்த வாரமே சோதனை செய்தோம். அவளுக்கும் இதயச் சுவர் தடித்திருந்தது. மாத்திரை உண்டு, ஓட்டம் கிடையாது. சாந்தி அழுதாள். நிவேதா ஸ்பைக்ஸ் ஷூவைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். அந்த நோயைக் கொடுத்தவன் நான். அந்தக் குற்றவுணர்வு எந்த மருந்துக்கும் அசையவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் கரண்ட் என்றும் காத்துக் கருப்பு என்றும் சொல்லி எரித்த சாவுகளை ஒருமுறை திரும்ப நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை என்னைப் போலக் காக்க வைக்காதீர்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் ஓடுவதில்லை. செல்போனிலேயே மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் வாங்கிவிடலாம் என்றேன். நிவேதா வேண்டாம் என்றாள்.

“மோட்டார் ரூம் வரைக்கும் நடக்கவாச்சும் உடுங்கப்பா.”

கரண்ட் வந்ததும் அவள் கிளம்புகிறாள். ஓடினால் அரை நிமிடம் ஆகாது. தென்னை வரிசை ஓரமாக மெல்ல நடக்கிறாள். மோட்டார் சத்தம் கேட்கும் வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.