சல்லூமின் ஏழாவது வருடம்

ஓய்வுநாளில் எருதுக்குத் தண்ணீர் காட்டும்போது சல்லூம் அதோடு பேசுவான். "படுத்துக்கடா. இன்னிக்கு உன்னை எழுப்ப எசமானுக்கே அதிகாரமில்ல." பிறகு ஆலைக்கல்லில் முதுகைச் சாய்த்துத் தானும் உட்கார்ந்துவிடுவான்.

யூதா மலைச்சரிவில், எல்நாத்தான் வீட்டில் ஆறு வருடமாக ஒலிவ எண்ணெய் பிழிகிறான். பஞ்சத்தில் வாங்கித் தின்ற தானியத்துக்காகத் தன்னையே விற்றவன். கையில் எப்போதும் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதால் ரொட்டியைக்கூட இரண்டு கையாலும்தான் பிடிப்பான்.

தீரு பட்டணத்திலிருந்து வரும் வியாபாரி அவனைச் சீண்டுவான். "உங்க சாமிக்கு உருவமே கிடையாதாமே?"

"உருவம் இருந்தா பணக்காரன் வீட்டுல போய் உக்காந்துக்குவாரு. எங்க சாமி அடிமைங்களத் தேடி எகிப்துக்கே வந்தவரு."

இதை அவன் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. முழுக்க நம்பினான்.

ஏழாவது வருடம் பிறந்தது. எபிரெய அடிமையைப் பணம் வாங்காமல் விடுதலை செய்யச் சட்டம் சொன்ன வருடம். மனைவி தீர்சாள் பாயைச் சுருட்டினாள். சல்லூம் மூன்று வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டான். எல்நாத்தான் வாசலில் நின்றான்.

"நீ போடா, யாரு தடுத்தா? அவளும் புள்ளையும் இங்கதான் இருப்பாங்க."

சல்லூம் சிரித்துவிட்டான். எசமான் விளையாடுகிறார் என்றே நினைத்தான். "என் பொண்டாட்டிங்க எசமான்."

"நான் குடுத்த பொண்டாட்டி. சந்தேகமிருந்தா பெரியவங்களக் கேளு."

ஊர்வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. "சட்டம் அப்படித்தான் தம்பி. எசமான் அடிமைக்குக் குடுத்தவளும் அவ பெத்ததும் எசமானோட சொத்து. கட்டும்போதே கேட்டிருக்கணும்."

அவன் கேட்கவில்லை. தன் கடவுளின் சட்டம் இப்படி இருக்குமென்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மகளைத் தோளிலிருந்து இறக்கினான்.

"எகிப்துல அடிமையா கெடந்த நம்ம முன்னோருங்களப் பார்த்து, ஆம்பளைங்க மட்டும் போங்க, புள்ளைங்க இங்க இருக்கட்டும்னு சொன்னது அந்த ராசா பார்வோன் இல்லீங்களா?"

ஒருவர் குனிந்து செருப்பு வாரை இறுக்கினார். இன்னொருவர் முகம் சுளித்தார். "பெரிய பேச்சு வேணாம். இன்னொரு வழி இருக்கு. எசமான் மேல பிரியம், போகமாட்டேன்னு உன் வாயால சொல்லு. ஆயுசுக்கும் அடிமைன்னு அடையாளமா காதக் குத்திருவாங்க. சாகுற வரைக்கும் மூணு பேரும் ஒண்ணாவே கெடக்கலாம்."

அடிமைகளை மீட்டவரின் பெயரால் எழுதிய சட்டத்தில், ஒரு தகப்பன் தனியாக வெளியேறும் அளவுக்குத்தான் கதவு திறந்திருந்தது.

"போயிருங்க," என்றாள் பின்னாலேயே வந்திருந்த தீர்சாள். "நம்மள்ல ஒருத்தராவது போகட்டும்."

"சும்மா இரு, தீர்சா."

எல்நாத்தான் வீட்டு வாசலில், எல்லோர் முன்பும், எசமான்மேல் தனக்குப் பிரியம் என்று சல்லூம் சொன்னான். குரல் அவனுடையதாகவே இல்லை. "இன்னும் சத்தமா," என்றார் செருப்பு வாரை இறுக்கியவர். மறுபடியும் சொன்னான். கதவுநிலையில் காதை வைத்தான். எல்நாத்தான் ஊசியை எடுத்தான்.

சல்லூமின் எண்ணெய்க் கை நீண்டு, பக்கத்தில் நின்ற மகளின் காதை இறுகப் பொத்திக்கொண்டது.