பெல்ட் கழற்றிய ஸ்டீயரிங்

என் பழைய காரின் பவர் ஸ்டீயரிங்கில் ஆயில் ஒழுகுகிறது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும், சாமான் கிடைக்கவில்லை என்று புதுக்கோட்டை மெக்கானிக் சொன்னபோது, கம்பெனிக்கு முறைப்படி எழுதிக் கேட்டேன். தாலுகா ஆபீஸில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு நகர்த்தியவனுக்கு வேறு என்ன தோன்றும்? ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். பிறகு ஒரு நினைவூட்டு. அந்த மாடலை நிறுத்திப் பல காலம் ஆகிறது, தங்கள் ஆதரவுக்கு நன்றி என்று பதில் வந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஸ்டீயரிங்கை லேசாக்கும் பம்பின் பெல்ட்டை மெக்கானிக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது சார். நிக்கிறப்ப திருப்புனாத்தான் கனக்கும்."

"அப்ப நிறுத்தாமயே ஓட்டிக்கிட்டிருந்தா சரியாப் போயிரும்ங்கிறீங்க."

"நிறுத்துற எடத்தப் பாத்து நிறுத்துங்க சார்."

ஞாயிறுதோறும் அரிமளத்திலிருந்து கறம்பக்குடிக்குப் போகிறோம். மனைவியின் அக்கா அங்கே பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். தலைக்கு ஊற்றி, சிக்கெடுத்துப் பின்னிவிடத் தங்கை ஒருத்தியைத்தான் அனுமதிப்பார். மருமகள் சீப்போடு வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பஸ் என்றால் வழியில் மாறி ஏற வேண்டும். என் மனைவியின் முழங்கால் பஸ் படி ஏறாது. நான் ஓட்ட முடியாது என்று சொன்னால் அந்த ஞாயிறுகள் நின்றுவிடும். என் வலது தோள்பட்டை சில மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பதில் போடவில்லை.

அக்கா வீடு இருப்பது ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். உள்ளே போனால் வண்டியைத் திருப்பித்தான் வெளியே வர வேண்டும். அதனால் தெருமுனையிலேயே நிறுத்தி, "குழி தோண்டிப் போட்டிருக்காங்க, வண்டி போகாது" என்றேன். குழியும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள். நாலு வாரம் அந்தப் பொய்யை நீட்டித்தேன். ஐந்தாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. அவளை நனையவிட மனமில்லாமல் உள்ளே ஓட்டிப்போனேன்.

ஊருக்குக் கிளம்பித் திருப்பும்போது வண்டி சந்துக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு சுவர், பின்னால் ஒரு சுவர். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே. நாலாவது தடவை ஸ்டீயரிங்கை இழுத்தபோது வலது கை மேலே எழும்பவே இல்லை. எதிர்வீட்டு வாசலில் நின்ற பெரியவர் குடைக்குள்ளிருந்து, "ஸ்டீயரிங்க நல்லா ஒடிச்சுத் திருப்புங்க சார்" என்றார். ஆலோசனை சொல்லக் குடை போதும்.

பக்கத்துச் சீட்டில் இருந்த மனைவி மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"எங்கிட்டு?"

"இங்கிட்டு. ஒம் பக்கமா இழு."

இழுத்தாள். நான் இடது கையால் தள்ளினேன். வண்டி அங்குலம் அங்குலமாகத் திரும்பியது.

ஆலங்குடி தாண்டியதும் அவள் என் தோளைப் பார்த்தாள். பிறகு, "எத்தன நாளா?" என்றாள்.

"எது?"

"கையி."

"இன்னைக்குத்தான். மழைக்குப் பிடிச்சிருக்கு."

"ரெண்டு மாசமா எடது கையால தல சீவுறீங்க. வகிடு கோணலா இருக்கு. அக்காவுக்குக் கை தூக்க வரலைனு மொதல்ல பாத்தது நாந்தான். எனக்குத் தெரியாதா?"

நான் மேலே கண்ணாடியில் வகிட்டைப் பார்த்துக்கொண்டேன். "அந்தக் குழியவும் பாத்தேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை என்னை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள், ஆட்டோவில். பாரம் தூக்காதீர்கள் என்றார் அவர். ஸ்டீயரிங் பாரத்தில் சேருமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

அடுத்த ஞாயிறு காலை, இனி போக வேண்டாம் என்று அவள் சொல்வாளென்று சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வழக்கமான நேரத்துக்கு வந்து, பூட்டாமல் நின்ற காரின் கதவைத் திறந்தாள். எப்போதும் மடியில் வைத்துக்கொள்ளும் சாப்பாட்டுப் பையைப் பின்சீட்டில் வைத்தாள். முன்னால் ஏறி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

சாவியை எடுத்து வந்தேன்.